ஐ.டி.ஐ-யா? என்று கேட்டவர்களுக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அத்தைமார், மாமன்மார், பெரியப்பா சித்தப்பாக்கள், எதிர்வீட்டு அக்காக்கள், டியூஷன் வாத்தியார்கள், அபார்ட்மென்ட் அங்கிள்கள் எல்லோருக்கும்,

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால், பெற்றவர்களுக்குத் தெரிவதற்குள் உங்களுக்கு மார்க் தெரிந்துவிடுகிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நல்ல மார்க் என்றால் ஸ்வீட் பாக்கெட்டோடு படியேறி வருகிறவர்களும் நீங்கள்தான். நான் பேச வந்தது அதற்கு அடுத்து நீங்கள் கேட்கும் கேள்வியைப் பற்றி. "எந்த குரூப்?" என்கிறீர்கள். பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் என்று எதைச் சொன்னாலும் உங்களிடம் ஒரு யோசனை தயாராக இருக்கிறது. "பிளஸ் ஒன் போகலை, ஐ.டி.ஐ சேரப்போறேன்" என்று சொன்னால் மட்டும் அந்தப் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அதன் அம்மா பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். "ஏம்மா, வீட்ல ஏதாவது கஷ்டமா?" "பையன் சேர்க்கை சரியில்லையா?" "படிப்பு ஏறலைன்னா சொல்லியிருக்கலாமே, நல்ல டியூஷன் காட்டியிருப்பேனே." காசு இல்லை, ஒழுக்கம் இல்லை, புத்தி இல்லை. இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் எந்தப் பிள்ளையும் பட்டறைப் பக்கம் போகாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பிடித்துப்போய் ஒருத்தி போவாள் என்பது உங்கள் கணக்கிலேயே வரவில்லை.

நான் பிடித்துப்போய்ப் போனவள். 500-க்கு 460-க்கு மேல் வாங்கிவிட்டு, மெஷினிஸ்ட் டிரேடில் சேர்ந்தேன். நான் படித்த பள்ளியில் டி.சி. கேட்டு நின்றபோது, "உன்னை நம்பி பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தோம்" என்று சொல்லி ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். உறவுக்காரர் ஒருவர், என் அப்பா குடித்துச் செலவழித்துவிட்டார் என்று கல்யாண வீட்டில் பேசினார். என் அப்பாவுக்குக் காபிகூடப் பழக்கம் கிடையாது. பின்னாளில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்தபோது தரகர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐ.டி.ஐ-ன்னு போட வேண்டாம், டிப்ளமோன்னு போட்டுக்குவோம், யாரு சர்டிபிகேட் கேக்கப் போறாங்க" என்றார். பத்து ஆண்டுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் "கம்பெனியில இருக்கா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். என்ன கம்பெனி, என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ என்று சொல்கிறவருக்கே ஒரு பயம்.

இதெல்லாம் வேறு எந்த ஊரில் நடந்தாலும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். நம் வட்டாரத்தில் நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பகுதி எப்படி ஊரானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் பார்த்தவர்கள். ஏரியும் வயலுமாகக் கிடந்த இடத்தில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், அம்பத்தூரில் டன்லப்பும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்துவிட்டன. 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்தது. அதே அறுபதுகளில்தான் அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையும். இத்தனை இடங்களிலும் பட்டறையில் நின்றது யார்? ஃபிட்டர், டர்னர், மோல்டர், வெல்டர். திண்டிவனத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஷிஃப்ட் சங்குக்கு ஓடியவர்கள். உங்கள் அப்பாக்கள். சிலர் விஷயத்தில் நீங்களே.

அவர்கள் பி.எஃப். பணத்தில்தான் திருமுல்லைவாயலிலும் கொரட்டூரிலும் அயப்பாக்கத்திலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். ஓ.டி. பார்த்த காசில் மாடி எழுப்பினார்கள். அந்த மாடியில் உட்கார்ந்து படித்துத்தான் உங்கள் வீட்டில் முதல் இன்ஜினியர் வந்தார். அந்த மாடியின் பால்கனியில் நின்றுகொண்டுதான், "ஐ.டி.ஐ-யா, ஐயோ பாவம்" என்று என் அம்மாவிடம் சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கே கேட்கத் தோன்றியது: மாமா, இந்த பால்கனிக்கு கம்பி வாங்கின சம்பளம் எந்த டிரேடுக்கு வந்தது?

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டுக்குள் வந்து பாருங்கள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பொரி, சுண்டல். முதலாளி மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மெஷினைக் கும்பிடுகிறோம், அதை ஓட்டுகிறவளை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வெட்கப்படுகிறோம்.

சரி, கோபம் இருக்கட்டும், நியாயம் பேசுவோம். "நல்லா படிக்கிற பிள்ளை அங்க ஏன் போகணும், அங்க வர்ற பசங்களைப் பாத்தாலே தெரியலையா" என்பது உங்கள் பெரிய வாதம். இது எப்படி வேலை செய்கிறது என்று நான் பத்து ஆண்டுகளாகப் பார்க்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளையை நீங்கள் வாசலிலேயே தடுத்துவிடுகிறீர்கள். ஃபெயில் ஆனவனை, பள்ளியில் தொல்லை கொடுத்தவனை, "அங்க போய்த் தொலை" என்று அனுப்புகிறீர்கள். அப்படி அனுப்பப்பட்டவன் தண்டனைக்கு வந்தவனாகத்தானே உட்காருவான்? இரண்டு வருடம் கழித்து, "பாத்தீங்களா, அங்க இருக்கிறவங்க எல்லாம் இப்படித்தான்" என்கிறீர்கள். கிணற்றில் குப்பையைக் கொட்டியவர்களே தண்ணீர் நாறுகிறது என்று மூக்கைப் பொத்துகிற கதை இது. இவ்வளவுக்கும் நடுவில், தண்டனைக்கு வந்த அந்தப் பையன்களில் சிலர், முதல் முறையாக ஒரு வேலையைக் கையால் செய்து முடித்து, அது அளவுக்குள் வந்துவிட்டது என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னபோது நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் அவர்களை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

அங்கே என்ன படிக்கிறோம் என்று உங்களில் ஒருவரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன். முதல் சில வாரங்களுக்கு மெஷின் பக்கமே விடமாட்டார்கள். வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார்கள். நான்கு பக்கமும் மட்டமாக, மூலைக்கு மூலை சரியான செங்கோணமாக வர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். கை கொப்பளித்து, கொப்புளம் உடைந்து, காய்ப்பு ஏறும்போதுதான் தோள் எப்படி நகர்ந்தால் அரம் சாயாமல் போகும் என்று உடம்புக்குப் பிடிபடும். அதன் பிறகு வெர்னியர், 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கலாம். பிறகு மைக்ரோமீட்டர், 0.01. இன்றைக்கு என் மெஷினில் ஓடும் ஒரு ஜாபில் 25 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அது 21 மைக்ரான் வரை பெரிதாகப் போகலாம், ஒரு மைக்ரான்கூடச் சிறிதாகக் கூடாது. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

"மேத்ஸ்ல 95 வாங்கிட்டு வீணாக்கிட்டாளே" என்று வருத்தப்பட்ட டியூஷன் சாருக்குத் தனியாக ஒரு வரி. பத்தாம் வகுப்பில் நீங்கள் டான்ஜென்ட் நடத்தியபோது கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் கப்பல் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லேத்தில் டேப்பர் டர்னிங் செய்யும்போது, பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்து, அதற்குரிய டான் கோணத்துக்கு காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி வைத்தேன். டூல் நகர்ந்தது, இரும்பு சாய்வாக இறங்கியது, ஜோடித் துண்டில் போய் ஆடாமல் உட்கார்ந்தது. டான் தீட்டா எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் சார். நீங்கள் கொடுத்த 95 ஒன்றும் வீணாகவில்லை.

இனி, என்னை மிகவும் அசைத்துப் பார்த்த எதிர்ப்புக்கு வருகிறேன். அது வெளியாட்களுடையதல்ல. என் அப்பாவுடையது. அவர் எஸ்டேட்டில் ஒரு சிறிய யூனிட்டில் டர்னர். முப்பது வருடம் கூலண்ட்டும் கட்டிங் ஆயிலும் ஊறிய கை. "நான் இந்த எண்ணெயில நின்னது நீ நிக்கக் கூடாதுன்னுதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் சரியாகப் பேசவும் இல்லை. என் பெரியப்பா இயக்கக்காரர், அவர் இன்னும் நேராகவே கேட்டார்: "டர்னர் மகள் டர்னர் வேலைக்குப் போறதுக்குப் பேர் என்னம்மா? இதை எதிர்த்துத்தானே உன் தாத்தா காலத்துல தெருவுல இறங்கினாங்க?"

அவர் சொன்னது 1953. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்துப் போராடினார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், 1954-இல் அந்தத் திட்டம் போயிற்று. அது போகாமல் இருந்திருந்தால் என் தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்காது, என் அப்பா எஸ்டேட்டுக்கே வந்திருக்க மாட்டார். கையால் செய்யும் வேலையைக் கண்டால் இந்த மண்ணில் ஏன் ஒரு நடுக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கைவேலையையும் பிறப்பையும் ஒன்றாகக் கட்டி நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களை அடியில் வைத்த சமூகம் இது. அதிலிருந்து தப்பிக்கக் கிடைத்த ஒரே ஏணி புத்தகப் படிப்பு. ஏணியில் ஏறியவர்கள், கீழே இறங்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் பெரியப்பா, 1953-இல் எதிர்த்தது இரும்பையும் மண்ணையும் தோலையும் தொடுவதையா? இன்னார் பிள்ளை இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்று மேலே இருப்பவர் எழுதிவைப்பதை எதிர்த்தார்கள். வேறு வாசல் கிடையாது என்பதை எதிர்த்தார்கள். என் முன்னால் எல்லா வாசலும் திறந்திருந்தது, மார்க் இருந்தது, பயாலஜி குரூப் கொடுக்கிறோம் என்று பள்ளியே கெஞ்சியது. அத்தனையையும் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அப்பன் வேலையை மகள் செய்தே தீர வேண்டும் என்பது எவ்வளவு தவறோ, செய்யவே கூடாது என்பதும் அவளுக்குப் போடும் விலங்குதான். இன்னொன்றும் சொல்கிறேன். டாக்டர் மகள் டாக்டர் ஆனால் குலக்கல்வி என்று யாரும் சொல்வதில்லை, பாரம்பரியம் என்கிறீர்கள். ஆடிட்டர் பையன் அப்பா ஆபீஸிலேயே உட்கார்ந்தால் கொடுத்துவைத்தவன் என்கிறீர்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "பேசக் கத்துக்கிட்டே" என்றார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. அடுத்த ஆண்டு புத்தகக் காட்சியில் எனக்கு ஜி.டி. நாயுடு பற்றிய ஒரு புத்தகம் வாங்கி வந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் உட்காரப் பிடிக்காமல் வெளியேறி, கோயம்புத்தூரில் மோட்டாரும் மெஷினும் செய்து, 1945-இல் பொறியியல் கல்லூரியே தொடங்கி, அதற்கு எதற்கு இத்தனை வருடப் படிப்பு என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற மனிதர். அவரை மேதை என்று கொண்டாடுகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதில் கால்வாசி தைரியம் காட்டினால் அவன் அம்மாவைக் கூப்பிட்டு வைத்து அழவைக்கிறீர்கள்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் சிலருக்கு நம்பிக்கை வரும். சுவிட்சர்லாந்தில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிப் பாதையில்தான் போகிறார்கள். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியான செர்ஜியோ எர்மோட்டி வங்கியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். அங்கே அப்ரண்டிஸ் என்றால் யாரும் ஐயோ பாவம் என்பதில்லை. அங்கே சம்பளமும் வேறு என்பீர்கள். உண்மை. அதைத்தான் அடுத்துப் பேச வேண்டும்.

உங்கள் பயத்தில் நியாயமான பங்கு எது என்று நான் மறைக்கப் போவதில்லை. நம் எஸ்டேட்டுகளில் ஐ.டி.ஐ முடித்த பிள்ளையை "டிரெய்னி" என்று எடுத்து, வருடம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி "டிரெய்னி" என்றே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். காண்ட்ராக்ட் சட்டை போட்டவனும் பர்மனன்ட் சட்டை போட்டவனும் ஒரே மெஷினில் மாறி மாறி நிற்பார்கள். சம்பளம் பாதிக்குப் பாதி. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அம்பத்தூரில் ஒரு அறை வாடகைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அது போதுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் ஒன்று: நான் முதலில் வேலைக்குப் போன ஒரு யூனிட்டில் பெண்களுக்குக் கழிவறையே கிடையாது. பக்கத்துக் கம்பெனிக்குப் போய் வர வேண்டும்; போய் வந்த நேரத்தை சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். இதையெல்லாம் காரணம் காட்டி என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றால் உங்களோடு நானும் சேர்ந்து சண்டைக்கு வருவேன். ஆனால் நீங்கள் ஒரு நாளும் இதைச் சொல்லவில்லை. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றுதான் சொன்னீர்கள். அந்த நாலு பேர் நீங்கள்தானே.

இந்தக் கூட்டத்தில் எஸ்டேட்டில் யூனிட் வைத்திருக்கும் மாமாக்களும் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். "நல்ல ஆள் கிடைக்கலை, செட்டிங் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருந்தா சொல்லும்மா" என்று என்னிடமே கேட்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நந்தம்பாக்கத்தில் உங்கள் சங்கம் நடத்தும் ஆக்மி கண்காட்சியில் புது மெஷின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். பல லட்சம் கொடுத்து அதை வாங்கியும் விடுகிறீர்கள். அதன் முன்னால் நிற்கிறவனுக்கு இரண்டாயிரம் கூட்டிக் கொடுக்கச் சொன்னால் மார்க்கெட் டல் என்கிறீர்கள். நல்ல ஆள் வேண்டுமென்றால், நல்ல ஆளைப் பெற்ற வீட்டில் போய் "ஐ.டி.ஐ-யா" என்று இழுக்காமல் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.

இன்னொரு பயம், "அதோட படிப்பு முடிஞ்சிடுமே" என்பது. முடியாது. பத்தாவது முடித்து இரண்டு வருட டிரேடு தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ-யிலும் அப்படியே நேரடியாக இரண்டாம் ஆண்டு. தமிழும் ஆங்கிலமும் தனியாக எழுதித் தேறினால் அந்த ஐ.டி.ஐ படிப்பையே பிளஸ் டூ-வுக்கு இணையாகத் தமிழக அரசு ஏற்கிறது. அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சைக்கிள், சீருடை, பாடநூல், வரைகருவி, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. பையனுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. நான் படித்தபோது இந்த ஆயிரம் கிடையாது, பொறாமையாகத்தான் இருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ-களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. நீங்கள் மனதில் வைத்திருப்பது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய ஷெட். ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம், அங்கே யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை.

எல்லாப் பிள்ளையும் ஐ.டி.ஐ போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் காலையில் வரிசை கட்டிப் போகும் கல்லூரி பஸ்களில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஆசைப்பட்டுத்தான் போகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் டிசைன் இன்ஜினியர் அப்படி ஒருத்தி. அவள் வரைவதை நான் வெட்டுகிறேன், நான் வெட்ட முடியாது என்று சொல்வதை அவள் திருத்தி வரைகிறாள். ஆனால் அதே பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு எட்டாவதிலிருந்தே மோட்டாரைப் பிரித்துப் போடத்தான் பிடிக்கும். அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். நாலு வருடம் முடிந்து, அரியர் முடிந்து, கடைசியில் அவன் எஸ்டேட்டுக்குத்தான் வருவான், எங்கள் யூனிட்டிலேயே இப்படி வந்தவர்கள் உண்டு. வந்து, பதினாறு வயதில் கற்றிருக்க வேண்டியதை இருபத்துமூன்றில் கற்றுக்கொள்ள வெட்கப்பட்டு ஒளிந்து நிற்பான். அவனை அந்த பஸ்ஸில் ஏற்றியது அவன் அப்பா மட்டுமல்ல. அந்த மே மாதம் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்த நீங்களும்தான்.

ஆகவே நான் கேட்பது இது. வரும் மே மாதம் ரிசல்ட் வரும். உங்கள் தெருவில், உங்கள் பிளாக்கில், உங்கள் சொந்தத்தில் ஏதாவது ஒரு பிள்ளை, நல்ல மார்க்கோ சுமார் மார்க்கோ, "ஐ.டி.ஐ சேரப்போறேன்" என்று சொல்லும். அப்போது அதன் அம்மா பக்கம் திரும்பாதீர்கள். அந்தப் பிள்ளையையே பார்த்து, "எந்த டிரேடு?" என்று கேளுங்கள். பி.காம். என்றால் எந்தக் காலேஜ் என்று எவ்வளவு இயல்பாகக் கேட்பீர்களோ அந்தக் குரலில். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது அதட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அது "ஃபிட்டர்" என்றோ "எலக்ட்ரீஷியன்" என்றோ சொல்லி, ஏன் என்று இரண்டு வாக்கியம் பேசினால், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். முடிந்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்குள் ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய் அந்த டிரேடுக்காரர் ஒருவர் வேலை செய்வதைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையே பிளஸ் ஒன்னுக்குப் போய்விடும், அதுவும் நல்லதுதான். பள்ளி ஆசிரியர்களே, டி.சி.யை அன்றைக்கே கொடுங்கள். தரகர் அண்ணா, ஜாதகத்தோடு இருக்கும் தாளில் ஐ.டி.ஐ என்றே எழுதுங்கள். அதைப் பார்த்து ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும்.

ரிசல்ட்டை ஒட்டியே இணையத்தில் ஐ.டி.ஐ விண்ணப்பம் தொடங்கும். பெற்றவர்களுக்குக் கூச்சமாக இருந்தால் கலந்தாய்வுக்கு நான் கூட வருகிறேன். சனிக்கிழமை மதிய ஷிஃப்ட் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தைகளுக்கு ஒரு தகவல். அரசு ஐ.டி.ஐ-யில் சேர ஆண்களுக்கு நாற்பது வயது வரைதான். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. வீட்டு மிக்சி ரிப்பேரானால் நீங்களே திருகாணியைக் கழற்றி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனில் இடம் இருந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அயப்பாக்கத்திலிருந்து ஒரு மெஷினிஸ்ட்